பழைய கம்ப்யூட்டருக்கு புது கிராபிக்ஸ் கார்டா? கடைக்கு போறதுக்கு முன்னால மூடியை கழற்றி பாருங்க!

நாகர்கோவில்:

"எப்பா, எல்லாருக்க வீட்டுலயும் கேம் நல்லா ஓடுது. நம்ம கம்ப்யூட்டர்தான் திக்கி திக்கி ஓடுது. ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா போதும்ப்பா..."

குமரி மாவட்டத்தில் பிளஸ்-2, கல்லூரி படிக்கும் பையன் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ரப்பர் பால் வெட்டியும், கொத்தனார் வேலை பார்த்தும், கடலுக்கு போயும் சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அதற்கு மேல் இன்னும் பல ஆயிரம் ரூபாய் போடலாமா, வேண்டாமா? போட்டால் எதில் போட வேண்டும்? இதுதான் பெற்றோர்களின் குழப்பம்.

இந்த குழப்பத்துக்கு பின்னால் உலக அளவில் நடந்த சில விஷயங்கள் இருக்கின்றன.

விலை ஏறியது ஏன்?

செயற்கை நுண்ணறிவு எனப்படும் ஏ.ஐ. நிறுவனங்கள் தங்கள் டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளத் தொடங்கின. இதனால் 2025-ம் ஆண்டு கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென உயர்ந்தது. பிரபல மெமரி நிறுவனமான மைக்ரான், சாதாரண மக்களுக்கு விற்று வந்த 'குருஷியல்' பிராண்டையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் மெமரி சிப் இருப்பதால் அந்த சூடு இங்கேயும் அடிக்கிறது. போதாக்குறைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.20 ஆயிரம் அடக்கவிலை உள்ள கார்டுக்கு வரி மட்டும் ரூ.3,600.

இன்னொரு பக்கம், விண்டோஸ்-10க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ந்தேதி மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ்-11க்கு முறைப்படி இன்டெல் 8-வது தலைமுறை பிராசசராவது வேண்டும். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்களை ஆபீஸ்கள் கழித்து விடுகின்றன. அவை செகண்ட் ஹேண்டாக நம் வீடுகளுக்கு வருகின்றன. அதில் கேம் ஆடத்தான் கார்டு தேடி பையன்கள் அலைகிறார்கள்.

கார்டுதான் குற்றவாளியா?

காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கேமுக்குள் போய் ரெசல்யூஷனையும், கிராபிக்ஸ் தரத்தையும் அடிமட்டத்துக்கு குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கார்டுதான் பிரச்சினை. குறைத்த பிறகும் அதே திக்கல் என்றால் பெரும்பாலும் பிராசசரோ, ரேமோதான் மூச்சு வாங்குகிறது. அப்போது எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு கார்டு போட்டாலும் பலன் இல்லை.

4 ஜி.பி. ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் உள்ள பெட்டி என்றால் முதலில் எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை கூட்ட வேண்டும். பழைய பெட்டிக்கான டி.டி.ஆர்.3 ரேம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த பேச்சையே விட்டு விடலாம். 2011-ம் ஆண்டு முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் உள்பட சாதாரண லேப்டாப்புகளின் உள்ளே கிராபிக்ஸ் கார்டு மாட்ட இடம் கிடையாது.

75 வாட்ஸ் கணக்கு

கார்டு வாங்கி ஏமாறுகிற பலரும் சறுக்குவது எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில்தான். மதர்போர்டில் கார்டு மாட்டும் நீள ஸ்லாட் கொடுக்கக்கூடிய மின்சாரம் 75 வாட்ஸ்தான். அதற்கு மேல் இழுக்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.சில் இருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியாக வர வேண்டும். மலிவு எஸ்.எம்.பி.எஸ்.களில் பலவற்றில் அந்த வயரே இருக்காது. ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று எழுதி இருக்கும். அவ்வளவு சுமையை அது தாங்காது. கன்வெர்ட்டர் வயர் போட்டு ஒப்பேற்றினால் வயர் உருகும். சில நேரம் மதர்போர்டையும் சேர்த்து காவு வாங்கும்.

நம்ம ஊரில் கரண்ட் போய் போய் வருவதையும் மறக்கக்கூடாது. 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அவ்வளவு வேண்டாம், ஒரு இடி மழைக்கே கரண்ட் கண்ணாமூச்சி ஆடும். வீடுகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்ஸ் வரைதான் தாங்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து கொள்கிறது. பெட்டியை தரையில், ஜன்னல் ஓரத்தில் வைத்தால் பின்கள் துருப்பிடிக்கும்.

கரண்ட் பில்லும் உண்டு. 170 வாட்ஸ் கார்டு தினமும் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 2 மாதத்தில் அது மட்டும் சுமார் 41 யூனிட் இழுக்கும். 70 வாட்ஸ் கார்டு என்றால் சுமார் 17 யூனிட்தான். யூனிட் எண்ணி கரண்ட் செலவழிக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

எந்த பெட்டிக்கு எந்த கார்டு?

* பழைய ஐ5, 3 அல்லது 4-வது தலைமுறை, சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.: ஜி.டி.எக்ஸ்.1650 (75 வாட்ஸ்), இல்லை என்றால் ஆர்.டி.எக்ஸ்.3050 6 ஜி.பி. (70 வாட்ஸ்). தனி வயர் தேவைப்படாத மாடலா என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்டி ஒல்லியான ஆபீஸ் மாடல் என்றால் உயரம் குறைந்த 'லோ புரொபைல்' கார்டுதான் உள்ளே போகும்.

* 8, 9-வது தலைமுறை அல்லது ரைசன், தரமான 500 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.: ஆர்.எக்ஸ்.6600 (132 வாட்ஸ்), ஆர்.டி.எக்ஸ்.4060 (115 வாட்ஸ்). வீடியோ எடிட்டிங்கும் செய்வதாக இருந்தால் ஆர்.டி.எக்ஸ்.3060 12 ஜி.பி. (170 வாட்ஸ்).

* இன்டெல் 'ஆர்க்' கார்டு: விலைக்கு நல்ல கார்டுதான். ஆனால் இன்டெல் நிறுவனமே 10-வது தலைமுறை பிராசசர் முதல்தான் சிபாரிசு செய்கிறது. பழைய பெட்டியில் வேகம் படுத்து விடும்.

* ஆர்.எக்ஸ்.6400: 53 வாட்ஸ்தான் இழுக்கும். ஆனால் 4 பாதையில் மட்டும் டேட்டா அனுப்பும் கார்டு என்பதால் பழைய மதர்போர்டில் முழு பலன் கிடைக்காது.

* ஜி.டி.710, ஜி.டி.730: கேமுக்கு வேண்டவே வேண்டாம். "4 ஜி.பி. கார்டாக்கும்" என்று சொல்லி தள்ளி விடுவார்கள். ஜி.பி. எவ்வளவு என்பது வேறு, வேகம் என்பது வேறு.

வீட்டில் பழைய வி.ஜி.ஏ. மானிட்டர் இருக்கிறதா? புது கார்டுகளில் அந்த வாசல் கிடையாது. கன்வெர்ட்டருக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். மிகப்பழைய மதர்போர்டில் புது கார்டு போட்டால் திரையே வராமல் போவதும் உண்டு. அதனால் பெட்டியையே கடைக்கு தூக்கிக் கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

செகண்ட் ஹேண்ட் உஷார்!

எதிரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கார்டு வைத்து தோண்டும் வேலை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் அதன்பிறகு சந்தைக்கு வந்தன. பழைய சிப்பில் சாப்ட்வேரை மாற்றி, புது மாடல் பெயரில் விற்கும் போலி கார்டுகளும் உண்டு. 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச சாப்ட்வேர் பல போலிகளை காட்டிக் கொடுத்து விடும். அரை மணி நேரம் கேம் ஓட விட்டு, கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஜி.டி.எக்ஸ்.970, 1060 போன்ற 900, 10 வரிசை கார்டுகள் மலிவாக வரும். ஆனால் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபருடன் என்விடியா நிறுத்தி விட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். பழைய கேம் ஆட பரவாயில்லை, புது கேமை நம்பி வாங்கக்கூடாது. வளைகுடாவில் இருந்து மாமாவோ மச்சானோ கொண்டு வரும் கார்டுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு விட வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு...

"ஜி.டி.ஏ.-6 வருது, அதுக்குத்தான்" என்று பையன் கேட்டால் அவசரப்பட வேண்டாம். 2025 நவம்பரில் அந்த நிறுவனம் அறிவித்த வெளியீடு பிளேஸ்டேஷன்-5, எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்குத்தான். அதில் கம்ப்யூட்டர் பதிப்பு பற்றி பேச்சே இல்லை.

"கேம் ஆடியே காசை எடுத்துருவேன்" என்ற பேச்சையும் நம்பி கடன் வாங்காதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு தடை விதிக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கு அங்கீகாரம் உண்டு. ஆனால் அதில் ஜெயித்து சம்பாதிப்பவர்கள் வெகு சிலரே.

அதற்காக பையனை திட்டி அனுப்பவும் வேண்டாம். கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன், அனிமேஷன் என்று படிக்கிற பிள்ளைக்கு கிராபிக்ஸ் கார்டு ஒரு தொழில் கருவிதான்.

மொத்தத்தில் ஒரு கணக்கு: கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., ரேம் எல்லாம் சேர்ந்த செலவு, அந்த பழைய பெட்டியின் இன்றைய விலையைப் போல 2 மடங்கை தாண்டினால் கை வைக்காதீர்கள். அந்த பணத்தை சேர்த்து வைத்து 8-வது தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டியாக பார்ப்பதே புத்திசாலித்தனம். அதற்குள் இருந்தால், பில், வாரண்டி இரண்டும் கேட்டு வாங்கி, தைரியமாக மாட்டலாம்.