வாய்க்கும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா டைம் குடுங்க சார்!

டிஸ்லெக்சியான்னு சொன்னதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வர்றது ஒரே விஷயம்தான். 2007ல வந்த 'தாரே ஜமீன் பர்' படம். அந்தச் சின்னப்பையன், கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பிக்கிட்ட எழுத்து, வாத்தியாரா வர்ற அமீர்கான். நல்ல படம்தான். நானே மூக்கை உறிஞ்சிக்கிட்டுதான் பார்த்தேன். :) ஆனா அதுல ஒரு பக்கவிளைவு. டிஸ்லெக்சியான்னா எழுத்து சம்பந்தப்பட்ட சமாச்சாரம், பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு பலரும் முடிவு கட்டிட்டாங்க. அது அப்படியில்லைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் டிஸ்லெக்சியா உள்ள ஆளு. பொறியியல் முடிச்சு, மென்பொருள் எழுதி, தாம்பரத்துல காலம் தள்றவன். படிக்கிறதைக் கூட எப்படியோ சமாளிச்சுடலாம். இன்னிக்கும் தலைவலி, பேசும்போது வார்த்தை தேடுறதுதான்.

உதாரணத்துக்கு, தாம்பரம் - பீச் லோக்கல்ல பல்லாவரமும் வரும், பழவந்தாங்கலும் வரும். ரெண்டும் 'ப'வுல ஆரம்பிக்கும், அடுத்ததே ஒண்ணுல 'ல', இன்னொண்ணுல 'ழ'. நான் போக வேண்டியது பழவந்தாங்கல்னு வைங்க. அந்த சப்வே, மழை பெஞ்சா அதுல தேங்குற தண்ணி வரைக்கும் மனசுல படமா ஓடும். பேர் மட்டும் வராது. பின்னாடி பத்து பேர் நிக்கிறாங்க, கவுண்டர்ல இருக்கவர் முறைக்கிறார், வாயிலிருந்து வர்றது 'பல்லாவரம்'. அதே டிக்கெட்டை மெஷின்ல எடுத்தா பிரச்சனையே இல்லை. திரையில பேர் வரிசையா நிக்குது, பார்த்து விரலை வச்சா முடிஞ்சது.

விஷயமே இதுலதான் இருக்கு. பேரைப் பார்த்தா தெரியுது, உள்ளேயிருந்து எடுக்கத்தான் வரமாட்டேங்குது. நம்ம பாஷையில சொன்னா டேட்டாபேஸ்ல ரெக்கார்ட் பத்திரமா இருக்கு, இண்டெக்ஸ் மட்டும் சொதப்பல். அதனால ஒவ்வொரு தடவையும் முழு டேபிளையும் துழாவ வேண்டியிருக்கு. கோட் அடிக்கும்போது இந்தத் தொல்லை இல்லாததுக்கும் இதான் காரணம். ரெண்டு எழுத்து தட்டினா எடிட்டரே மீதியைப் பட்டியல் போட்டுக் காட்டிடுது.

இது என் கற்பனை இல்லைங்க. 1997ல ஸ்வான், கோஸ்வாமின்னு ரெண்டு ஆய்வாளர்கள் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளிடம் படங்களைக் காட்டிப் பேர் கேட்டாங்க. சொல்ல முடியாம போன பல வார்த்தைகள் அந்தக் குழந்தைகளுக்குத் தெரிஞ்ச வார்த்தைகள்தான். பொருள் தெரியும், அதோட ஒலி வடிவம் மட்டும் கைக்குச் சிக்கலை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுல வர்ற சிக்கலுக்கும் வேர் பெரும்பாலும் இதே ஒலி சமாச்சாரம்தான்னு சொல்றாங்க. டிஸ்லெக்சியா உள்ள எல்லாருக்கும் இந்தப் பேச்சுத் தடுமாற்றம் இருக்கும்னு இல்லை. ஆனா கணிசமான பேருக்கு இருக்கு. திக்குவாய் வேற. அங்க வார்த்தை தெரியும், வெளிய வரத் திணறும். இங்க வார்த்தையே காணாமப் போயிடும்.

இந்த இடத்துல தமிழுக்கு ஒரு நன்றி சொல்லணும். "அந்த இதை எடுத்து இதுல வச்சிடு"ன்னா நம்ம ஊர்ல யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. 'இது' மாதிரி ஒரு வேரியபிளை எந்த மொழி குடுத்திருக்கோ தெரியலை. :) வீட்டுல இது ஓடும். ஆபீஸ் மீட்டிங்ல, அதுவும் இங்கிலீஷ்ல, ஓடாது.

நிற்க. இப்ப சட்டத்துக்கு வருவோம். 1995ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 7 வகைதான் இருந்துச்சு, அதுல கற்றல் குறைபாடு கிடையாது. 2016ல வந்த உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கி, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்துக்குச்சு. அதுல இருக்கிற விளக்கத்தைப் படிச்சுப் பாருங்க. படிக்க, எழுத, கணக்குப் போட மட்டுமில்லை, 'பேச' சிரமப்படுறதையும் சேர்த்தே சொல்லியிருக்கு. சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத்தான் தெரியலை.

நடைமுறையில சலுகை எல்லாம் பேனாவோட நின்னுபோச்சு. நம்ம பொதுத்தேர்வுல டிஸ்லெக்சியா உள்ள பசங்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு, சொல்லச் சொல்ல எழுத ஆள் உண்டு. ரொம்ப நல்ல விஷயம். 2021ல உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்குல, எழுதுறதுல சிரமம் உள்ளவருக்கு 40 சதவீத ஊனம்னு சான்றிதழ் இல்லாட்டியும் எழுத ஆள் வச்சுக்க உரிமை உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அருமையான தீர்ப்பு. ஆனா அதுவும் பேனா கேஸ்தான். பன்னிரண்டாவது தாண்டினதும் நம்மள எடை போடுறது பேனா இல்லையே, வாய்தானே? வைவா, குரூப் டிஸ்கஷன், இண்டர்வியூ, தினமும் காலையில ஸ்டாண்டப் மீட்டிங். அங்க யார் எக்ஸ்ட்ரா டைம் தர்றா?

ஒரு இண்டர்வியூல ரெண்டு ப்ராசஸ் ஒண்ணையொண்ணு மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டு நகர முடியாம நிக்கிறதைப் படம் போட்டு விளக்கினேன். எப்படித் தவிர்க்கிறதுன்னும் சொன்னேன். "இதுக்குப் பேர் என்ன?"ன்னார். டெட்லாக். இப்ப டைப் பண்றப்ப வருது பாருங்க, அப்ப வரலை. "பேசிக்ஸே வீக்கா இருக்கே"ன்னு அனுப்பிட்டாங்க.

இதைச் சொன்னா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "எல்லாருக்கும்தான்பா வார்த்தை மறக்குது". மாடி ஏறினா எல்லாருக்கும்தான் மூச்சு வாங்குது, அதுக்காக ஆஸ்துமா இல்லைன்னு ஆயிடுமா? ரெண்டாவது, "வேலைக்குக் கம்யூனிகேஷன் வேணாமா?". நியாயமான கேள்வி. நாள் முழுக்க வாடிக்கையாளரோட ஃபோன்ல பேசுற வேலைன்னா பேச்சைச் சோதிங்க, தப்பே இல்லை. கோட் எழுதுற வேலைக்கு, பேர் சொல்ற வேகத்தை வச்சு அறிவை அளக்காதீங்கன்னுதான் கேக்குறேன்.

செய்ய வேண்டியதுக்குப் பைசா செலவில்லை. கேள்விகளை எழுத்துலயும் குடுங்க. பேப்பரோ போர்டோ வச்சுக்க விடுங்க. வார்த்தை வராம நின்னா அஞ்சு விநாடி காத்திருங்க. அப்பவும் வரலைன்னா "சுத்தி வளைச்சு சொல்லுங்க, புரிஞ்சுக்கிறேன்"னு சொல்லுங்க. பாதியில புகுந்து நீங்களா ஒரு வார்த்தையைப் போட்டு முடிக்காதீங்க. அது தப்பான வார்த்தையா இருந்தா, தேடிக்கிட்டிருந்ததும் சேர்ந்து ஓடிடும். தனியார் கம்பெனிகளும் சம வாய்ப்புக் கொள்கை வச்சிருக்கணும்னு அதே 2016 சட்டத்தோட 21வது பிரிவு சொல்லுது. உங்க கம்பெனிக் கொள்கையில சாய்தளம், லிஃப்ட் தாண்டி இதுக்கு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எச்.ஆர்.கிட்ட கேளுங்க.

என்னை மாதிரி ஆளுங்களுக்கும் ஒண்ணு. ஸ்டாண்டப்புக்கு முன்னாடி மூணு வரி எழுதி கையில வச்சுக்கங்க. நான் தினமும் பண்றேன். முடிஞ்சா டீம்ல ஒருத்தர்கிட்டயாவது விஷயத்தை வெளிப்படையா சொல்லிடுங்க. பாதி பதட்டம் அதுலயே குறையும், பதட்டம் குறைஞ்சா வார்த்தையும் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

பேச்சுன்னா நமக்கு உயிர். ஒப்புவித்தல் போட்டியிலிருந்து பட்டிமன்றம் வரைக்கும் தடதடன்னு பேசறவனுக்குத்தான் கைதட்டல். வள்ளுவரும் சொல்வன்மைக்கு ஒரு அதிகாரம் வச்சிருக்கார், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு 23 அதிகாரம் முன்னாடியே 'கேள்வி'ன்னு ஒண்ணு வச்சிருக்கார். காது குடுத்துக் கேக்குறதுக்கு. அதையும் கொஞ்சம் பிராக்டீஸ் பண்ணுவோமே?

பி.கு. 1: இது சின்ன வயசுலேர்ந்து இருக்கிற தடுமாற்றத்தைப் பத்தின பதிவு. நல்லா பேசிக்கிட்டிருந்தவருக்குத் திடீர்னு வார்த்தை வரலை, பேச்சு குழறுதுன்னா அது பக்கவாதமா இருக்கலாம். இந்த மாதிரிப் பதிவெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

பி.கு. 2: பசங்க விஷயமா யோசிக்கிறவங்களுக்கு, தி.நகர்ல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருஷமா இயங்குது. போய் ஒரு தடவை விசாரிங்க.