லாரிப் பட்டையும் டமாஸ்கஸும்

கையால் செய்த கத்திகளைச் சேகரிக்கும் நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கத்தி என்றாலே வெட்டுக்குத்துதானே என்று முகம் சுளிக்கிற வீட்டுப் பெரியவர்களின் சண்டை அல்ல. ஒரு கத்தியின் முதுகு எங்கே தடித்து எங்கே மெலிகிறது, பிடி உள்ளங்கையில் எப்படி உட்காருகிறது என்று அரைமணி நேரம் பேசக்கூடியவன்தான் நானும். என் கேள்வி இதுதான். செய்தவரின் பெயருக்காக இவ்வளவு பணம் கொடுக்கிற நீங்கள், உங்கள் ஊரில் கத்தி செய்கிறவரின் பெயரை ஏன் கேட்டதே இல்லை?

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கஸ்டம் கத்தியைக் கடையில் தொங்கும் சரக்காக வாங்க முடியாது. செய்பவரிடம் நீளம், எஃகு, பிடிக்கான மரம் எல்லாம் சொல்லி ஆர்டர் கொடுத்து, மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்து சேரும் கத்தியின் அலகில் அவருடைய முத்திரை இருக்கும். விலையில் பெரும்பங்கு அந்த முத்திரைக்குத்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஏழெட்டுக் கத்திகள் வைத்திருக்கிறார். துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, செய்தவர் பெயர், அவர் ஊர், என்ன எஃகு, எத்தனை ராக்வெல் கடினம் என்று மனப்பாடமாகச் சொல்வார். அதில் ஒன்றின் விலை 40,000 ரூபாய். குவார்ட்டர்ஸின் பின்பக்கம், பலாப்பழம் பிளக்கிற கொடுவாள் ஒன்று கிடந்தது. பத்து வருடமாக உழைக்கிறதாம். இதை யார் செய்தது என்று கேட்டேன்.

"அதுவா, மந்தாரக்குப்பம் பக்கம் எவனோ அடிச்சதுங்க. லாரிப் பட்டைதானே."

அந்த 'எவனோ', அந்த 'தானே', இரண்டையும் நான் விடுவதாக இல்லை.

முதலில் லாரிப் பட்டை. லாரியின் அடியில் வில் மாதிரி வளைந்திருக்கும் ஸ்பிரிங் பட்டை அது. வருடக்கணக்கில் பாரம் தாங்கி ஓய்ந்தபின் பழைய இரும்புக் கடை வழியாகக் கொல்லுப்பட்டறைக்கு வருகிறது. வளைந்தாலும் ஒடியாமல் மீள வேண்டும் என்பதற்காகவே தயாரான எஃகு. அமெரிக்கக் கத்திக்காரர்கள் 5160 என்று எண் சொல்லிப் பாராட்டுகிற எஃகும் ஸ்பிரிங் எஃகுதான். கஸ்டம் கத்தி உலகம் குலதெய்வம் மாதிரி கும்பிடுகிற பாப் லவ்லெஸ், 1950களில் கப்பலில் வேலை பார்த்த மாலுமி. நியூயார்க் கடையொன்றில் அவர் ஆசைப்பட்ட ராண்டல் கத்திக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவர் பழைய கார்கள் உடைக்கும் இடத்துக்குப் போய், ஒரு பேக்கார்டு காரின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி, கப்பலின் சமையலறை அடுப்பில் காய்ச்சித் தன் முதல் கத்தியைச் செய்துகொண்டார். இன்று அவர் முத்திரை உள்ள கத்திகள் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. பேக்கார்டு பட்டை என்றால் வரலாறு. அசோக் லேலண்ட் பட்டை என்றால் 'தானே'.

அடுத்தது டமாஸ்கஸ். அந்தப் பெயரில் இன்று விற்பவை பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒட்டி, அமிலத்தில் நனைத்து வரி தெரியச் செய்தவை. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்த பழைய வாள்களின் எஃகு வேறு. இரும்பைக் கரிப்பொருளோடு மண் மூசையில் அடைத்து உருக்கி எடுத்த எஃகு. தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்கே போனது. ஆங்கிலேயர் இதை 'ஊட்ஸ்' என்று எழுதினார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை கொடுத்தார். மைக்கேல் ஃபாரடே மின்சார ஆய்வுகளால் பெயர் பெறும் முன்பு, ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இந்த எஃகின் சூட்சுமத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 1990களில் ஷாரதா ஸ்ரீனிவாசன் இப்படி எஃகு உருக்கிய இடத்தின் எச்சங்களை அடையாளம் கண்ட மேல்சிறுவளூர், பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர். நெய்வேலியும் அதே மாவட்டம்தான்.

பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. பியர்சன் பெயர் இருக்கிறது, ஃபாரடே பெயர் இருக்கிறது, ஸ்டோடர்ட் பெயரும் இருக்கிறது. மேல்சிறுவளூரில் துருத்தி ஊதிய ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. 'எவனோ' என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவு வயது.

"அதெல்லாம் சரி, தரம்னு ஒண்ணு வேணாமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டறைக் கொடுவாளில் சுத்தியல் தடம் தெரியும், இரண்டு பக்கச் சரிவும் ஒன்றுபோல் இருக்காது, பிடி ஆடும். வெப்பத்தை எண்ணில் காட்டும் மின்உலை அவரிடம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 600 ரூபாயை நீட்டி, "சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த விலைக்குள் பட்டை, கரி, சம்மட்டி போடுகிறவர் கூலி எல்லாம் அடக்கம். மெருகுக்கு அதில் எங்கே காசு? இத்தனைக்கும் நடுவில் அவர் ஒன்றை விட்டுக்கொடுப்பதில்லை. தோய்ச்சல். அலகைக் காய்ச்சி, வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, நிறம் ஏறி வருவதைப் பார்த்து, சரியான நொடியில் நிறுத்துகிறார். வாய் கடினமாக நிற்கும், முதுகு அடியைத் தாங்கும். இதே உத்தியை வெளிநாட்டுக் கத்தியில் தனிச்சிறப்பாகக் குறிப்பிட்டு விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் அதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிறார்கள். பட்டறைக்காரர் சொல்வது ஒரே வரி. "வாய் தெறிச்சா கொண்டாங்க, மறுபடி தோய்ச்சல் போட்டுத் தரேன்." வாழ்நாள் உத்தரவாதம் என்று அச்சடித்த அட்டைதான் கிடையாது.

இனி சேகரிப்பாளர்கள் பேச விரும்பாத இடம். லவ்லெஸ் சுத்தியலைத் தானாக விரும்பி எடுத்தார். இங்கே சுத்தியல் பிறப்போடு வந்தது. ஐடி வேலையை உதறிவிட்டுப் பட்டறை போட்டவரைக் கலைஞர் என்கிறோம், பேட்டி எடுக்கிறோம். பத்து வயதில் அப்பாவுக்குத் துருத்தி ஊதிக் கற்றவர் செய்தால் அது குலத்தொழில். தெரிந்தெடுத்தவருக்குப் பெயர் உண்டு, பிறந்தவருக்கு இல்லை என்கிற இந்தக் கணக்கு சாதிக் கணக்குதான். இதற்கு மருந்தாக, கொல்லர் பிள்ளை கொல்லராகவே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. 2023இல் வந்த ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைக் குலத்தொழிலைத் தூக்கிப்பிடிப்பதாகச் சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது சரிதான். அவர் பையன் வேறு வேலைக்குப் போகட்டும். உங்கள் பையன் உலைக்கு முன்னால் நிற்கட்டும். யார் செய்தாலும் மரியாதையும் கூலியும் கிடைக்கிற தொழிலாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது இரண்டும் இல்லை. 2021 செப்டம்பரில் ரவுடிகளைப் பிடிக்கும் வேட்டையின்போது, அரிவாள் செய்கிற பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு காவல்துறை சொன்னது. கொலைகள் நடக்கின்றன, காவல்துறைக்கு அதன் காரணம் இருக்கலாம். ஆனால் 40,000 ரூபாய்க் கத்தி தோலுறையோடு கூரியரில் வீட்டுக்கே வருகிறது, அதை வைத்திருப்பவர் ரசிகர். 600 ரூபாய்க் கொடுவாள் அடித்தவர் சந்தேகத்துக்குரியவர். வாங்கியவர் பெயருக்குப் பதிவேடு உண்டு, செய்தவர் பெயருக்கு அலகில்கூட இடமில்லை.

நெய்வேலியைச் சுற்றி இன்னொரு அடியும் விழுகிறது. கதிர் அரிவாளுக்கும் கரும்பு வெட்டும் கத்திக்கும் வயல் வேண்டும். சுரங்கம் விரிய விரிய வயல் சுருங்குகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே எந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு பற்றியாவது பேச்சு இருக்கிறது. அந்த நிலத்துக்கு அரிவாள் அடித்துக் கொடுத்தவர் எந்தப் பட்டியலில் வருவார்? அவருக்கு வயலுக்கு வெளியேயும் வாடிக்கையாளர்கள் வேண்டும். பணமும் ரசனையும் காத்திருக்கும் பொறுமையும் உள்ள வாடிக்கையாளர்கள். அதாவது நீங்கள்.

எனவே தானம் வேண்டாம், உங்கள் வழக்கத்தையே இங்கேயும் கடைப்பிடியுங்கள். மந்தாரக்குப்பமோ பண்ருட்டியோ திருப்பாச்சேத்தியோ, பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். காய்கறி நறுக்கவா, தோட்டத்துக்கா என்று சொல்லுங்கள். அட்டையில் அளவாக வடிவம் வெட்டிக் கொடுங்கள். விலையை அவர் சொல்லட்டும், பேரம் பேசாதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள், கலிபோர்னியாக்காரருக்குக் காத்திருந்த மாதிரியே. முதல் கத்தி சரியாக வராவிட்டால் என்ன குறை என்று உட்கார்ந்து பேசி, இரண்டாவதுக்கும் காசு கொடுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால், பிடிக்குப் பக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்தை உளியால் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

அதையும் அந்தத் துணியில், மற்றவற்றின் வரிசையிலேயே வையுங்கள். யார் செய்தது என்று அடுத்து யாராவது கேட்டால், பெயரைச் சொல்லுங்கள்.