பட்டம் வாங்கப் போன பெண்ணுக்கு ஊர் கட்டும் பட்டம்

பெண்ணை வெளியூர்க் கல்லூரியில் சேர்த்து ஹாஸ்டலில் விடும்போது என்னென்னவோ கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். பருப்புப் பொடி, ஊறுகாய், தேங்காய் எண்ணெய் என்று பை நிறைந்துவிடும். "மெஸ் சாப்பாடு பிடிக்குதா?" என்று தினமும் போனில் விசாரிக்கிறோம். ஆனால் அங்கே அவளைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது நம் காதுக்கு வருவதில்லை. வரும்போது கை கால் முளைத்துத்தான் வருகிறது.

தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வாலிபால் ஆடினால் "அவ ஆம்பிளை மாதிரி" என்பார்கள். இரண்டு பெண்கள் எப்போதும் சேர்ந்தே திரிந்தால் "அதுங்க ரெண்டும் ஒரு மாதிரி" என்று கண்ணைக் காட்டிச் சிரிப்பார்கள். பையன்களோடு பேசாவிட்டால் ஒரு பெயர், பேசினால் அதைவிட மோசமாக இன்னொரு பெயர். எப்படி இருந்தாலும் பட்டம் கட்டாமல் விடுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்ததுமே, இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண்ணை டி.சி. வாங்கி அழைத்து வந்துவிட்டார்கள். அவசர அவசரமாக வரன் பார்த்தார்கள். "நாலு பேர் வாய்க்கு யாருக்கா பதில் சொல்றது?" என்று அந்தத் தாய் என்னிடம் அழுதாள். "நாலு பேர் சொன்னதைக் கேட்டியே, பொண்ணு கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. பேச்சு உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. படிப்பு பாதியில் நின்றது மட்டும் நிஜம்.

"இதெல்லாம் காலேஜ் காற்று. படிப்பு முடிஞ்சா போயிடும்" என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் இதே பேச்சு இருந்தது. பெண்ணுக்குப் பெண் மேல் வரும் ஈர்ப்பு பட்டம் வாங்கும் வரைதான் என்று கேலி செய்வார்கள். அந்த நாட்டு அரசின் சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்று 2011-ல் வெளியானது. 22 முதல் 44 வயது வரையுள்ள பெண்களில், பெண்ணோடு உறவு இருந்ததாகச் சொன்னவர்கள், பட்டதாரிகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேர். உயர்நிலைப் பள்ளியே முடிக்காதவர்களில் 15 பேர். அப்படியானால் காலேஜையும் ஹாஸ்டலையும் குற்றம் சொல்லி என்ன பயன்?

லிசா டயமண்ட் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 79 இளம் பெண்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து, 2008-ல் முடிவுகளை வெளியிட்டார். பலர் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயரை இடையில் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்த ஈர்ப்பு, வயதானால் தானே உதிர்ந்துவிடும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அவளுக்கே தன்னைப் புரிந்துகொள்ள நாளாகும்போது, பக்கத்து ரூம் பெண்ணுக்கும் எதிர்வீட்டு மாமிக்கும் மட்டும் எப்படித் தெரிந்துவிடும்?

"ஒருவேளை நிஜமாகவே இருந்துட்டா? டாக்டர் கிட்ட காட்டி சரி பண்ணிடலாமா?" என்று சிலர் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். இது வியாதி இல்லை, அம்மா. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வயது வந்தவர்கள் மனமொப்பிப் பழகுவது குற்றமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், முதலில் ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை செய்வதற்கு அதில் தடை விதித்தார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும், அப்படிச் செய்வது டாக்டர்களின் தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று அறிவித்தது. ஆகவே, மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தாய்மார்கள் செய்ய வேண்டியவை:

பெண் ஏதாவது சொல்ல வந்தால் குறுக்கே பேசாதீர்கள். உடனே அப்பாவிடமோ அண்ணனிடமோ போய் ஒப்பிக்காதீர்கள். முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். "இதுக்காகப் படிப்பை நிறுத்த மாட்டோம்" என்ற ஒரு வார்த்தை அவளுக்கு எத்தனையோ தைரியம்.

ஹாஸ்டலில் கேலியும் ஒதுக்கலும் எல்லை மீறினால் சும்மா இருக்க வேண்டாம். யு.ஜி.சி. 2016-ல் செய்த திருத்தத்தின்படி, பாலீர்ப்பைக் காரணமாக வைத்து ஒரு மாணவியைத் துன்புறுத்துவதும் ராகிங்தான். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 1800-180-5522 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

சாப்பிடாமல், தூங்காமல், உயிரை வெறுத்துப் பேசினால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவள் வேதனை தீரத்தான் அந்த மருத்துவம், அவளை மாற்ற அல்ல. 14416 என்ற இலவச எண்ணிலும் தமிழிலேயே பேசலாம்.

அந்த நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது என்கிறீர்களா? "எங்க பொண்ணு படிக்கப் போயிருக்கா, படிச்சு முடிச்சுட்டு வருவா" என்று சொல்லிவிட்டு, காப்பி வேணுமா என்று கேளுங்கள். போதும்.