இரண்டு ஆன்மா கொண்டவர்கள்!

1886-ம் ஆண்டில் வாஷிங்டன் நகருக்கு ஒரு விருந்தாளி வந்தார். பெயர் வேவா. அமெரிக்காவின் பூர்வகுடிகளில் (செவ்விந்தியர் என்று நம்மவர்கள் சொல்வார்களே, அவர்கள்தான்) ஜூனி இனத்தைச் சேர்ந்தவர். நெசவிலும், மண்பாண்டம் செய்வதிலும் கைதேர்ந்தவர். ஜனாதிபதி கிளீவ்லாண்டே அவரைச் சந்தித்தார்.

தலைநகரத்துச் சீமாட்டிகள் அவரைப் பெண் என்றே நினைத்தார்கள். பிறப்பால் அவர் ஆண்!

ஜூனி மக்களுக்கு இது அதிசயம் அல்ல. இப்படி வாழ்பவருக்கு "லாமனா" என்று அவர்கள் மொழியில் பெயரே இருந்தது. ஊரில் வேவாவுக்கு மதிப்பு உண்டு. சமயச் சடங்குகளில் பங்கும் உண்டு. நவஹோ, லகோட்டா முதலிய இனங்களிலும் இத்தகையவர்களுக்குத் தனிப் பெயர்கள் இருந்தன.

பள்ளிக்கூடம் செய்த வேலை

அந்த மதிப்பு எங்கே போயிற்று?

கனடாவில் மட்டும் சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். சர்க்கார் பணம் கொடுத்தது. கிறிஸ்தவ சபைகள் நடத்தின. குழந்தைகளின் நீண்ட முடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை! 1990-களில்தான் கடைசிப் பள்ளி மூடப்பட்டது. 2008-ல் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால், "இது பாவம்" என்று அங்கே படித்த குழந்தைகள்தான் பிறகு தாத்தா, பாட்டி ஆனார்கள். பேரப்பிள்ளை இப்படி இருந்தால், அவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். பிள்ளை பட்டணத்துக்கு ஓடுகிறது. அங்கே தன்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். தன் மொழி பேசுவோர் இல்லை. இரண்டு பக்கமும் தனிமை! மனம் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிவோரும் உண்டு.

மருந்து மட்டும் போதுமா?

டாக்டர் வேண்டியதுதான். ஆனால், இழந்த இடத்தை டாக்டரால் திருப்பித் தர முடியாது.

சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு அறிஞர்கள், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 200 பூர்வகுடிச் சமூகங்களை ஆராய்ந்தார்கள். முடிவு 1998-ல் வெளியாயிற்று. சுயாட்சி, சொந்தப் பள்ளி, பண்பாட்டு நிலையம் போன்றவற்றைத் தங்கள் கையிலேயே வைத்திருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு. சிலவற்றில் ஒன்றுகூட இல்லை! இது எல்லா இளைஞர்களையும் பற்றிய ஆராய்ச்சிதான். ஆனால், ஊரும் உறவும் கைவிட்ட பிள்ளைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தாதா?

"இரண்டு ஆன்மா கொண்டவர்" என்ற பொதுப்பெயரை அவர்களே 1990-ல், வின்னிபெக் நகருக்கு அருகே கூடித் தேர்ந்தெடுத்தார்கள். "இது புதுப் பெயர். எங்கள் இனத்தில் இல்லை" என்கிறவர்களும் உண்டு. இருக்கட்டும். பெயரா பெரிது? பாட்டி தன் மொழியில் ஒரு வார்த்தை, "நீ நம் பிள்ளை" என்று சொன்னால் போதாதா?

அவர்களுடைய விழாக்களில் ஆணுக்கு ஓர் ஆட்டம், பெண்ணுக்கு ஓர் ஆட்டம் என்பது வழக்கம். 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் இவர்களே ஒரு விழா தொடங்கினார்கள். எந்த ஆட்டத்தையும் யாரும் ஆடலாம். எந்த உடையும் உடுத்தலாம்.