கப்பையும் மத்தியும்

கொச்சி இடப்பள்ளிப் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கை (அங்கே அதற்குக் கப்பை என்று பெயர்) மத்திமீன் குழம்புடன் உண்பர். இதனை ஏழைகளின் உணவென்று இகழ்வோர் இரசாயனம் அறியாதவரே.

கிழங்கிலுள்ள லினமாரின் என்னும் பொருள் சிதைந்தால் சயனைடு தோன்றும். உடல் அதனோடு கந்தகத்தைச் சேர்த்துத் தையோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறது. அக்கந்தகத்தைத் தருபவை மித்தியோனின், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள். கிழங்கில் அவை அற்பம், மீனில் மிகுதி.

கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. இத்தகைய ஆண்டுகளில் ஏழையின் தட்டில் கப்பை மட்டுமே மிஞ்சும். அப்போது ‘சரிவிகித உணவு’ என்று கரும்பலகையில் எழுதினால் போதுமா? கிழங்கை நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடவும், மீனில்லாத நாளில் முட்டையோ எள்ளுத் துவையலோ சேர்த்துக்கொள்ளவும் ஊழியர்கள் வீடுதோறும் சொல்லவேண்டும். எள்ளில் மித்தியோனின் நிறைய உண்டு.