பச்சரிசி ஏன் வெள்ளையாக இருக்கிறது?

அம்பத்தூர் மளிகைக் கடையில் பச்சரிசி கேட்டால் வெள்ளை அரிசியைத்தான் தருவார்கள். யாரும் சண்டைக்குப் போவதில்லை! அந்தப் 'பச்சை' நிறம் அல்ல. நெல்லை வேகவைக்காமல் அரைத்தது என்று பொருள். பச்சைத் தண்ணீரும் அப்படித்தான்.

"ஆரஞ்சுக்குத் தமிழில் சொல்லே இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. செம்மஞ்சள் இருக்கிறதே! ஆங்கிலத்தில் மட்டும் ஆதியிலிருந்தே இருந்ததா என்ன? பழம் போய்ச் சேர்ந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் அதன் பெயர் நிறத்துக்கும் வந்தது. நாம் மஞ்சள் கிழங்கின் பெயரையே நிறத்துக்கும் வைத்திருப்பதைப் போல!

அறிவியல் இன்னும் வேடிக்கை. வானவில்லில் பழுப்பு நிறமே கிடையாது. சுற்றிலும் வெளிச்சம் அதிகமாக இருக்கும்போது, மங்கலான ஆரஞ்சு ஒளிதான் நமக்குப் பழுப்பாகத் தெரிகிறது. ஒளிக்கு இருப்பது அலைநீளம் மட்டுமே. அதை நிறமாகக் காண்பது மூளை. பெயர் வைப்பது மொழி.

எனவே கடன் வாங்கிய சொல்லுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆவடி ஜவுளிக் கடையில் பாட்டி "கத்திரிப்பூ கலர்", "கிளிப்பச்சை" என்று கேட்கும்போது பேத்திக்குப் புரியாமல் போனால், அதுதான் நிஜமான நஷ்டம். ஒரு சொல் போனால் கூடவே ஒரு பூவும் ஒரு கிளியும் போகின்றன!