விரால் அடிப்பானும் தங்கூசி நரம்பும்

கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கலந்து கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து, பங்குனி வரை தங்கிச் செல்லும் வலசைப் பறவைகளுள் இரைக்கொல்லிகளும், அதாவது கொக்கி அலகும் கூர் உகிரும் கொண்டு பிற உயிர்களைப் பிடித்துண்ணும் பறவைகளும் உண்டு. பழவேற்காட்டுப் பூநாரைகளைப் போல இவை கூட்டமாக வருவதில்லை. ஒன்றிரண்டாக வந்து தனித்தனியே இரை தேடுவதால், குறைந்துபோனாலும் எளிதில் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இவற்றுள் விரால் அடிப்பான் அநேகமாக மீனை மட்டுமே உண்டு வாழ்வது. விரால் நன்னீர் மீன் என்பதால், இப்பெயரை இட்டவர்கள் ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களாக இருக்க வேண்டும். கழிமுகத்தில் அதற்குக் கிடைப்பதோ மடவை போன்ற உவர்நீர் மீன்களே. நீருக்கு மேல் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று குறிபார்த்து, கால்களை முன்னே நீட்டிப் பாயும் இப்பறவையின் உள்ளங்காலில் முள் போன்ற நுண்செதில்கள் அடர்ந்திருக்கின்றன. வெளிவிரலும் பின்னோக்கித் திரும்பக்கூடியது என்பதால், முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு விரல்களும் வழுக்கும் மீனை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மேலெழுந்ததும் உடலை ஒரு குலுக்குக் குலுக்கி நீரை உதறிவிட்டு, காற்றின் தடை குறையுமாறு மீனின் தலையை முன்பக்கம் திருப்பிக்கொண்டு, அருகில் நிற்கும் ஏதேனும் கம்பத்தை நோக்கிப் பறக்கும்.

கண்ணால் கண்டு பிடிக்கும் இவ்வேட்டைக்கு நீர் தெளிவாக இருந்தாக வேண்டும். அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் குழம்பு எண்ணூர்க் கழிமுகத்தில் பல ஆண்டுகளாகப் படிந்து, ஆழத்தையும் மீனையும் ஒருசேரக் குறைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து பரவியபோது கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. அது வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் பருவமும்கூட. எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவரின் வலைக்கு நேர்ந்த அதே இழப்புதான் விரால் அடிப்பானுக்கும் நேர்ந்தது.

ஆற்றில் மீன் அருகும்போது, வடக்கே பொன்னேரி, பழவேற்காடு வரை பரவிய இறால், மீன் பண்ணைக் குளங்கள் பறவைகளை ஈர்ப்பது இயல்பு. ஆனால் வனாமி இறால் வளர்ப்புக்கு 2009இல் அனுமதி கிடைத்தபோதே, குளத்தைச் சுற்றி நண்டு வேலியும் மேலே பறவைத் தடுப்பும் வேண்டும் என்பது நெறிமுறையில் இடம்பெற்றது. அதற்குத் தக்க காரணமும் உண்டு: நோயுற்ற இறாலைக் கவ்விச் செல்லும் காகம் அதை அடுத்த குளத்தில் நழுவவிட்டால், வெண்புள்ளி நோய் என்னும் வைரஸ் தொற்று அங்கும் பரவிச் சில நாட்களில் குளம் முழுவதையும் அழித்துவிடக்கூடும். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவரிடம் தடுப்பை எடுத்துவிடச் சொல்வது நேர்மையாகாது.

கேட்க வேண்டியது, அந்தத் தடுப்பு எதனால் ஆனது என்பதே. மலிவாகக் கிடைக்கும் தங்கூசி, அதாவது தூண்டிலுக்குப் பயன்படும் ஒற்றை இழை நைலான் நரம்பு, வெயிலில் கண்ணுக்குப் புலப்படாது. பாய்ந்து வரும் விரால் அடிப்பானின் சிறகை அது சுற்றிக்கொண்டால், உதற உதற இறுகும். வரப்பை ஒட்டித் தாழப் பறந்து எலியும் தவளையும் தேடும் சேற்றுப் பூனைப்பருந்துக்கும் இதே ஆபத்து உண்டு. எலி வளை பறித்தால் கரை உடையும் என்பதை அறிந்த பண்ணையாளருக்கு இப்பருந்து வேண்டாத பறவையன்று. தடித்த வண்ணக் கயிற்றை இழுத்துக் கட்டி, இடையிடையே காற்றில் படபடக்கும் ரிப்பன்களைத் தொங்கவிட்டால், காகமும் அஞ்சி விலகும், பருந்தும் கண்டு ஒதுங்கும். ஸ்காட்லாந்தின் ரோத்திமர்கஸ் மீன் பண்ணை இன்னும் ஒரு படி மேலே சென்று, குளத்துக்கு வரும் விரால் அடிப்பான்களை மறைவிடத்திலிருந்து படமெடுக்க வருவோரிடம் கட்டணம் பெறுகிறது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விரால் அடிப்பானை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. எனினும் இறாலைக் காக்கக் கட்டிய நரம்பில் தற்செயலாகச் சிக்கிச் சாகும் பறவைக்காக எவர்மீதும் வழக்குத் தொடுப்பது எளிதன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையம் சென்னையிலேயே இயங்குகிறது. பறவைத் தடுப்புக்குத் தங்கூசி கூடாது, அறுவடை முடிந்து குளம் காயும் நாட்களில் கயிறுகளைச் சுருட்டி வைக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளை உரிம நிபந்தனையில் சேர்க்க அதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பண்ணையாளரும் கரையோரம் ஒரு மூங்கிலை நட்டு வைத்தால், ஆற்றில் பிடித்த மடவையை விரால் அடிப்பான் அதன்மேல் அமர்ந்து தின்னும்.